எக்ஸ்சேஞ்சுக்கு எவ்வளவு தூரம்?

கம்பியும் காற்றும்: தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பின் கதை – பகுதி 17

சென்ற பகுதியை 1995 ஆகஸ்ட் 15-ல் நிறுத்தியிருந்தோம். விதேஷ் சஞ்சார் நிகம் என்ற விஎஸ்என்எல் அன்றுதான் மும்பை, தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. படங்களோடு பார்க்கும் டிசிபி/ஐபி கணக்கு வேண்டுமென்றால் 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய் கட்ட வேண்டும். மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஷெல் கணக்கு கிடைத்தது. அதில் கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள்தான் வரும். இரண்டிலுமே டெலிபோன் பில் தனி.

அங்கிருந்து வீட்டுக்கு வேகம் வந்து சேர்ந்த கதை இந்தப் பகுதி. சென்னையில் ஒரு வேகம், மேலூரில் ஒரு வேகம், போடிநாயக்கனூரில் இன்னொரு வேகம் என்று ஏன் ஆனது? கருவிகளின் வரலாற்றை மட்டும் படித்தால் இதற்கு விடை கிடைக்காது. உங்கள் வீட்டிலிருந்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வரை போகும் கம்பி எவ்வளவு நீளம், அது யாருக்குச் சொந்தம் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் கிடைக்கும்.

டயல்-அப் காலத்தை அனுபவித்தவர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். மோடம் முதலில் டயல் டோனைக் கேட்கும், எண்களை அழுத்தும், மறுமுனையில் இன்னொரு மோடம் எடுத்ததும் இரண்டும் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொள்ளும். அந்தக் கத்தலுக்குள் ஒரு பேரம் நடந்துகொண்டிருந்தது. இந்தக் கம்பியில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது, எந்த வேகத்தில் பேசினால் பிழையில்லாமல் போகும் என்று இரண்டு மோடங்களும் சோதித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வரும். 1998-ல் வந்த வி.90 என்ற தரம் 56 கேபிபிஎஸ் வரை போகலாம் என்றது. நம் ஊர்க் கம்பிகளில் 40-ஐ ஒட்டி நின்றாலே நல்ல நாள். மழை பெய்து கேபிள் ஜாயிண்டில் தண்ணீர் இறங்கிவிட்டால் அதுவும் சரிந்துவிடும். நான்கு எம்பி பாட்டு ஒன்றை இறக்கக் கால் மணி நேரம் ஆகும். நடுவில் வீட்டில் யாராவது பேசுவதற்கு ரிசீவரைத் தூக்கினால் லைன் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இணையத்தில் இருக்கிற நேரமெல்லாம் வீட்டு போன் எங்கேஜ்டாகவே இருக்கும். ஊரிலிருந்து கூப்பிட்ட அத்தை, "உங்க வீட்டு போன் எப்பவுமே எங்கேஜ்டு" என்று அடுத்த விசேஷத்தில் குறைப்பட்டுக்கொள்வார்.

1998 நவம்பரில் இணைய சேவையைத் தனியாருக்குத் திறந்துவிடும் கொள்கை வந்தது. அதே மாதத்தில் சத்யம் இன்ஃபோவே (பின்னாளைய சிஃபி) முதல் தனியார் நிறுவனமாகச் சேவையைத் தொடங்கியது. கட்டணம் மளமளவென்று இறங்கியது. 172 என்று தொடங்கும் எண்களுக்கு டயல் செய்தால் சாதாரண உள்ளூர் அழைப்பைவிடக் குறைந்த கட்டணம் என்ற சலுகையும் வந்தது. தெருவுக்குத் தெரு ப்ரௌசிங் சென்டர்கள் முளைத்ததும் இந்த நாட்களில்தான்.

விலை இறங்கியதே தவிர வேகம் ஏறவில்லை. அதற்கு வெளிநாட்டுடனான இணைப்பும் ஒரு காரணம். நாம் பார்த்த பக்கங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் இருந்தன, அந்தப் பாதையின் வாசல் விஎஸ்என்எல்லின் கையில் இருந்தது. 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே வங்கக் கடலடியில் ஐ2ஐ என்ற கேபிள் போடப்பட்டது. பாரதி நிறுவனமும் சிங்டெல்லும் சேர்ந்து போட்டவை அந்த 3,200 கிலோமீட்டரும். நாட்டின் முதல் தனியார் கடலடிக் கேபிள் அது. அதே ஆண்டு ஏப்ரலில் சர்வதேசத் தொலைபேசியில் விஎஸ்என்எல்லின் தனியுரிமையும் முடிவுக்கு வந்தது. கடல்வழிப் பாதை அகலமாகிவிட்டது. ஆனால் சென்னைக் கடற்கரைக்கு வந்து சேர்ந்த அத்தனை திறனும், எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரைக்குமான இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகளுக்கு முன்னால் வந்து நின்றது.

அந்தச் செம்புக் கம்பிக்குள் இடம் இல்லாமல் இல்லை. பேச்சுக்குத் தேவைப்படுவது 4,000 ஹெர்ட்ஸுக்கும் குறைவான அலைவரிசை. டயல்-அப் மோடம் அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே முடங்கிக்கிடந்தது. ஏடிஎஸ்எல் என்ற தொழில்நுட்பம் அதே கம்பியில் சுமார் 26 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1,104 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கும் காலி இடத்தை எடுத்துக்கொண்டது. வீட்டுச் சுவரில் ஸ்ப்ளிட்டர் என்ற சிறு பெட்டி பேச்சையும் தரவையும் பிரித்துவிடும். எக்ஸ்சேஞ்சில் டிஸ்லாம் என்ற கருவி நூற்றுக்கணக்கான வீடுகளின் தரவைச் சேர்த்து வாங்கி மேலே அனுப்பும். போனில் பேசிக்கொண்டே இணையத்தில் இருக்கலாம். டயல் செய்ய வேண்டிய வேலையே இல்லை.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு, இந்தப் பகுதி முழுவதும் அதைச் சுற்றித்தான் போகிறது. உயர்ந்த அலைவரிசை கம்பியில் சீக்கிரம் தேய்ந்துபோகும். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்கு நல்ல வேகம் வரும். நான்கு, ஐந்து கிலோமீட்டர் தாண்டினால் அநேகமாக ஒன்றும் வராது. நேர்கோட்டுத் தூரத்தை இங்கே கணக்கில் எடுக்க முடியாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து பில்லர் பாக்ஸ், அங்கிருந்து டிபி பாக்ஸ், அங்கிருந்து வீடு என்று கம்பி சுற்றிச் சுற்றி வரும் தூரம்தான் கணக்கு. இணைப்பு கேட்டு விண்ணப்பித்தவர்களுக்கு "ஃபீசிபிலிட்டி இல்லை" என்று பதில் வரும். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் இருந்தது இந்தத் தூரம், அல்லது டிஸ்லாமில் காலி போர்ட் இல்லாத நிலை.

சென்னையில் ஏடிஎஸ்எல் முதலில் வந்தது அரசு நிறுவனத்தின் வழியாக அல்ல. டிஷ்நெட் டிஎஸ்எல் என்ற தனியார் நிறுவனம் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதைத் தொடங்கியது. வீடுகளுக்குப் போகும் செம்புக் கம்பி முழுக்க அரசுத் தொலைபேசியின் சொத்து, அதை வாடகைக்கு எடுத்துத் தரவு அனுப்ப மற்றவருக்கு வழியில்லை. ஆகவே டிஷ்நெட் தானே தெருவைத் தோண்டித் தன் செம்புக் கம்பியைப் போட்டது. ஏற்கெனவே கம்பி போயிருக்கும் தெருவில் இன்னொரு கம்பி! அந்தச் செலவைத் தாங்கி எத்தனை தெருக்களுக்குப் போக முடியும்? 2004-ல் அந்த இணையத் தொழில் விஎஸ்என்எல்லுக்கு விற்கப்பட்டது.

அதே 2004-ல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், ஏப்ரல் மாதம் அரசுக்கு ஒரு பரிந்துரை கொடுத்தது. வீடு வரை போகும் செம்புக் கம்பியை நியாயமான வாடகைக்கு மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிடுங்கள் என்பது அதன் முக்கிய அம்சம். ஜப்பான் போன்ற நாடுகள் போட்டியை அந்த வழியில்தான் வளர்த்திருந்தன. அக்டோபரில் வந்த அகலப்பட்டைக் கொள்கை அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. அரசு நிறுவனங்கள் தாங்களே செய்துகொள்ளும் என்று விட்டுவிட்டது. 256 கேபிபிஎஸ்ஸும் அதற்கு மேலும் பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. 2005 முடிவில் 30 லட்சம், 2007-ல் 90 லட்சம், 2010-ல் 2 கோடி இணைப்புகள் என்று இலக்கும் வைத்தது. 2005 முடிவில் நாட்டில் இருந்த பிராட்பேண்ட் இணைப்புகள் பத்து லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 2010 முடிவில் ஒரு கோடியே பத்து லட்சத்தை ஒட்டி நின்றன.

இந்த இருபது ஆண்டுகளில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகப் பெரிய தவறு இதுதான் என்பது என் கருத்து. கோடிக்கணக்கான வீடுகளுக்கு மக்கள் பணத்தில் போட்ட கம்பி போயிருந்தது. பல நிறுவனங்கள் அதில் போட்டியிட்டிருந்தால், "போர்ட் இல்லை" என்ற பதிலைக் கேட்டவர் வேறொருவரிடம் போயிருக்கலாம். அந்த வாய்ப்பு கிடைக்காமலேயே செம்புக் கம்பி மண்ணுக்குள் கிழடாகிப் போனது.

ஆனாலும் 2005 ஜனவரியில் அரசு நிறுவனமான பிஎஸ்என்எல் தொடங்கிய டேட்டாஒன் பிராட்பேண்ட் சேவை, தமிழ்நாட்டின் சிறுநகரங்களுக்கு ஒரு திறப்புவிழா. கும்பகோணத்திலும் காரைக்குடியிலும் கோவில்பட்டியிலும் நடுத்தரக் குடும்பங்கள் முதல்முறையாக எப்போதும் இணைந்திருக்கும் இணையத்தைப் பார்த்தன. இதை நடத்திக் கொடுத்தவர்கள் லைன்மேன்கள். சைக்கிளிலும் டிவிஎஸ் 50-யிலும் வந்து, டிபி பாக்ஸைத் திறந்து, துருப்பிடித்த ஜோடிக் கம்பிகளுக்குள் இரைச்சல் குறைந்த ஜோடியைத் தேடிப் பிடித்து மாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். தொலைத்தொடர்பு வரலாறுகளில் அவர்கள் பெயர் வருவதில்லை.

மாதம் 250 ரூபாய்த் திட்டம் பிரபலமானது. அதில் மாதத்துக்கு 400 எம்பி. அதற்கு மேல் போனால் எம்பிக்கு இவ்வளவு என்று பில்லில் ஏறும். 2007 ஜனவரியில் அரசு வேகத்தை 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியபோது ஒரு விசித்திரம் நடந்தது. ஒரு மாதத்துக்கான 400 எம்பியை முழு வேகத்தில் இறக்கினால் அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். வேகம் வந்துவிட்டது, அதைத் தொடத்தான் பயம். இரண்டாம் மாத பில் ஆயிரக்கணக்கில் வந்து அதிர்ந்துபோன வீடுகள் உண்டு. இணைப்பைத் துண்டிக்கத் தெரியாமல் கம்ப்யூட்டரை அணைத்ததோடு மோடத்தையும் பிளக்கிலிருந்தே பிடுங்கிவைத்த அப்பாக்களும் உண்டு.

500 ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரைக்கும் அளவில்லாத இணையம். தமிழ்நாட்டின் ஒரு தலைமுறை மாணவர்கள் கம்ப்யூட்டர் கற்றது இந்த ஆறு மணி நேரத்தில்தான் என்று சொன்னால் மிகையில்லை. டவுன்லோட் மேனேஜரில் 2:05-க்குத் தொடங்கும்படி நேரம் வைப்பார்கள். இரண்டு மணிக்கே வைத்தால் எக்ஸ்சேஞ்சின் கடிகாரம் ஒரு நிமிடம் பின்னால் ஓடினாலும் கணக்கில் ஏறிவிடும் என்ற முன்ஜாக்கிரதை. 7:55-க்கு நின்றுவிடும்படி இன்னொரு கட்டளை. 2 எம்பிபிஎஸ்ஸில் அந்த ஆறு மணி நேரத்துக்குள் 5 ஜிபி வரை இறங்கும். லினக்ஸ் சிடிக்கள், ஐஐடி பேராசிரியர்களின் பாட வீடியோக்கள், சினிமா எல்லாம் அந்த இரவுகளில் வந்தவை. பகலில் நான்கு சக மாணவர்கள் பென் டிரைவோடு வந்து நகலெடுத்துப் போவார்கள். ஒரு வீட்டு இணைப்பு ஒரு தெருவுக்கே பாடசாலையானது.

இது டவுனின் கதை. கிராமத்துக்குப் போவோம்.

கிராம எக்ஸ்சேஞ்சுகளைப் பற்றி முன்பு பார்த்தோம். சாம் பிட்ரோடாவின் சி-டாட் உருவாக்கிய ராக்ஸ், ஏசி இல்லாமல் ஒரு சின்ன அறையில் ஓடக்கூடியது, நூற்றுச் சொச்சம் இணைப்புகளைத் தாங்கும். 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் நிறுவப்பட்ட அந்தக் கருவிதான் நாட்டின் கிராமங்களுக்குப் பேச்சைக் கொண்டுபோனது. பேச்சுக்கு அது போதும். ஆனால் அந்த எக்ஸ்சேஞ்சைச் சுற்றி நாலைந்து கிராமங்கள் சிதறிக் கிடக்கும். கம்பி வயல் வரப்புகளையும் கண்மாய்க் கரைகளையும் தாண்டிப் போகும். ஏடிஎஸ்எல்லின் தூர வரம்பு அங்கே பாதி வீடுகளை வெளியே நிறுத்திவிடும். மீதி வீடுகளுக்காக டிஸ்லாம் போட்டால் செலவுக்கு வரவு கட்டாது. பல ஊர்களில் கம்பியே கிடையாது.

இந்தக் கணக்கை 1990-களிலேயே போட்டுப் பார்த்தவர் ஐஐடி மெட்ராஸின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. அன்று ஒரு டெலிபோன் இணைப்பைக் கொடுக்க மொத்தமாக 30,000 முதல் 40,000 ரூபாய் வரை ஆகிக்கொண்டிருந்தது. அதை 10,000 ரூபாயை ஒட்டி இறக்கினால்தான் சாதாரண இந்தியக் குடும்பம் இணைப்பு வாங்கும் என்பது அவர் வாதம். செலவில் பெரும்பகுதி அந்தக் கடைசிக் கம்பியில் இருந்தது. ஆகவே கம்பியே வேண்டாம் என்று அவருடைய டெனெட் குழு முடிவு செய்தது. சென்னை நிறுவனமான மைடாஸுடன் சேர்ந்து அவர்கள் கார்டெக்ட் என்ற வயர்லெஸ் முறையை உருவாக்கினார்கள். டவுனில் ஒரு டவர், கிராமத்துக் கூரையில் ஒரு சின்ன ஆன்டெனா, சுவரில் ஒரு பெட்டி. டவர் கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் பத்து கிலோமீட்டர் வரை எட்டும். இடையில் ரிலே வைத்தால் இருபத்தைந்து. போனும் இணையமும் ஒரே நேரத்தில் ஓடும். இணைய வேகம் 35 கேபிபிஎஸ், போன் சும்மா இருக்கும்போது 70. இன்று சிறிதாகத் தெரியும் இந்த எண்கள், டவுனில் டயல்-அப் கொடுத்த வேகத்துக்குச் சமம். அந்த நாட்களில் ஒரு கிராமத்துக்கு அது கிடைத்தது என்பதே சாதனை.

இந்தக் கருவியை ஊர் ஊராகக் கொண்டுபோக என்-லோக் என்ற நிறுவனம் அமைந்தது. அதன் கிராம மையங்களுக்குச் சிராக் என்று பெயர். சுமார் 50,000 ரூபாய் முதலீட்டில் கம்ப்யூட்டர், பிரிண்டர், வெப் கேமரா, யுபிஎஸ், சுவர்ப் பெட்டி எல்லாம் வரும். ஊர்க்காரர் ஒருவர் கடன் வாங்கி நடத்துவார், வருமானமும் அவருக்கே.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் 2001 நவம்பரில் தொடங்கிய சாரி திட்டம் இந்தக் கதையின் முக்கியமான அத்தியாயம். ஐஐடி மெட்ராஸ், ஹார்வர்டு, எம்ஐடி, என்-லோக் எல்லாரும் அதில் கைகோத்தார்கள். மேலூரைச் சுற்றிய கிராமங்களில் பல டஜன் மையங்கள் திறந்தன. கணிசமான மையங்களை நடத்தியவர்கள் பெண்கள். பிறப்புச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை மனு ஆகியவை மையத்திலிருந்தே தாலுகா அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் போயின. ஒரு சான்றுக்காக இரண்டு மூன்று தடவை பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை இழந்து, அலுவலக வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கண்ணில் கோளாறு என்று வந்தவரின் கண்ணை வெப் கேமராவில் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் மகனுக்குக் குரலைப் பதிவு செய்து அனுப்பியவர்கள், ஜாதகம் கணித்து வாங்கியவர்கள், பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பியவர்கள் என்று மையங்களில் கூட்டம் இருந்தது.

ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. ஆய்வாளர்கள் திரும்பிப் போய்க் காரணங்களைத் தேடினார்கள். கருவி பழுது, சம்பாத்தியம் போதாமை, பயிற்சிக் குறைவு எல்லாம் இருந்தன. எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் சொன்ன இன்னொன்று. தாலுகா அலுவலகத்தில் இந்தத் திட்டத்தில் ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும், கிராமத்திலிருந்து வந்த மனுக்களுக்குப் பதில் போடுவது நின்றுவிட்டது. மின்னஞ்சல் வினாடியில் போய்ச் சேர்ந்தது, அந்தப் பக்கம் அதைத் திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. பதில் வராத மனுவுக்கு இரண்டாவது தடவை யார் காசு கொடுப்பார்கள்? மையம் நடத்திய பெண்ணிடம் ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விக்கு அவரிடம் விடை இல்லை, கடன் தவணை மட்டும் இருந்தது.

மறுமுனையில் ஆள் இருந்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரியில் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமங்களைத் தொடங்கியது. நம்பத்தகுந்த டெலிபோன் லைன் இல்லாததால் விஎச்எஃப் ரேடியோ வழியாகவே கம்ப்யூட்டர் தரவை அனுப்பினார்கள். மின்வெட்டுக்குச் சோலார் பலகை. வீராம்பட்டினம் மீனவர்களுக்காக, அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூரில் இறக்கி, தமிழாக்கி, ஊர் ஒலிபெருக்கியில் தினமும் அறிவித்தார்கள். வேகம் என்று பார்த்தால் அது ஆமை வேகம். படகைக் கடலில் தள்ளுவதற்கு முன் காதில் விழுந்துவிட்டால் போதும், வேறு வேகம் அதற்குத் தேவைப்படவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் அருகிலுள்ள நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து கடல் பொங்குவதைப் பற்றி எச்சரித்தார். ஊர்க்காரர்கள் மையத்தின் பூட்டை உடைத்து அதன் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே கரையை விட்டு விலகிப் பிழைத்தது. எச்சரிக்கை வந்தது இணையத்தில் இல்லை, சாதாரண போனில்தான். ஆனால் ஒலிபெருக்கி அங்கே இருந்ததும், அதில் சொன்னால் ஊர் நம்பும் என்ற பழக்கம் ஏற்பட்டிருந்ததும் அந்தத் தகவல் மையத்தால்தான்.

அடுத்து தேனி. அரவிந்த் கண் மருத்துவமனை, தன் தேனிக் கிளையோடு இணைந்த சிறு கண் சிகிச்சை மையங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் அமைக்க விரும்பியது. அங்கே பயிற்சி பெற்ற உதவியாளர் நோயாளியைப் பரிசோதிப்பார், தேனியில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் நோயாளியிடம் பேசி முடிவு சொல்வார். வீடியோவுக்கு 35 கேபிபிஎஸ் காணாது. டவுனுக்கு வெளியே பிராட்பேண்டும் இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து எரிக் புரூவரின் டயர் குழு இதற்கு ஒரு வழியோடு வந்தது. காபிக் கடையிலும் விமான நிலையத்திலும் முப்பது மீட்டருக்குப் பயன்படும் வைஃபையைப் பத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு இழுப்பது என்பதே அந்த வழி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2005 ஜனவரியில் அரசு உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்ததும் உதவியது.

ஆன்டெனாவைக் குவித்து எதிர் டவரை நோக்கித் திருப்பினால் சிக்னல் அவ்வளவு தூரம் போய்விடும். பிரச்சினை வைஃபையின் பழக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு தபாலுக்கும் பதில் கடிதம் வந்த பிறகே அடுத்ததைப் பெட்டியில் போடுபவரைப் போல, வைஃபை ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் "வந்தது" என்ற ஒப்புகையை எதிர்பார்க்கும். முப்பது மீட்டரில் அது உடனே வந்துவிடும். பத்து கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒளியின் வேகத்திலேயே 67 மைக்ரோ வினாடி ஆகும். அதற்குள் பொறுமை இழந்து, துண்டு தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டித் திரும்ப அனுப்பும். இரண்டு பக்கமும் இப்படி முட்டிக்கொண்டு வேகம் நொறுங்கிவிடும். பெர்க்லி குழு அந்தப் பழக்கத்தையே மாற்றியது. கொஞ்ச நேரம் இந்தப் பக்கம் பேசும், கொஞ்ச நேரம் அந்தப் பக்கம். ஒப்புகைகளை மொத்தமாக அனுப்பலாம். நொடிக்குச் சில மெகாபிட் வேகம் நிலையாகக் கிடைத்தது. டவுனில் வீட்டுக்காரர்கள் 256 கேபிபிஎஸ்ஸில் இருந்த நாட்களில், போடிநாயக்கனூர், சின்னமனூர், பெரியகுளம் மையங்களில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் தேனி மருத்துவரின் முகத்தைத் தடங்கலில்லாமல் பார்த்தார்கள்.

அந்த இணைப்பை ஓட வைத்ததில் கஷ்டம் வேறிடத்தில் இருந்தது. குழு பழுதுகளைக் குறித்துவைத்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றுக்கு மூலம் மின்சாரம் என்று தெரிந்தது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மின்னழுத்தம் திடீரென்று பல மடங்கு எகிறும், சில நேரம் பாதியாகச் சரியும். ரூட்டர் போர்டுகள் கருகின, மெமரி கார்டுகள் கெட்டுப்போயின. அதைச் சமாளிக்கச் சோலாரும், மின்னழுத்தம் தாழ்ந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் கருவியும் வைத்தார்கள். மருத்துவமனை ஊழியர்களுக்கே டவர் ஏறி ஆன்டெனாவைச் சீராக்கவும் போர்டை மாற்றவும் கற்றுக்கொடுத்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் விமானம் ஏறிய பிறகும் சேவை நிற்கவில்லை, அரவிந்த் அதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டது. மேலூரில் கிடைக்காத பதில் தேனியில் தினமும் கிடைத்தது: மருத்துவர் தன் நாற்காலியில் இருந்தார்.

அரசின் பெரிய முயற்சிகள் இவற்றுக்குப் பிறகு வந்தவை. 2009 ஜனவரியில், எல்லா டெலிபோன் நிறுவனங்களும் கட்டும் பங்கிலிருந்து சேரும் பொதுச்சேவை நிதியைக் கொண்டு, கிராம எக்ஸ்சேஞ்சுகளின் செம்புக் கம்பியில் பிராட்பேண்ட் கொடுக்க பிஎஸ்என்எல்லுடன் ஒப்பந்தம் போடப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 8,88,832 இணைப்புகள், 28,672 பொது மையங்கள், குறைந்தது 512 கேபிபிஎஸ் வேகம். நல்ல திட்டம்தான், ஆனால் எக்ஸ்சேஞ்சைச் சுற்றிய அதே தூர வரம்புக்குள் அடங்கியது. 2011 அக்டோபரில் அரசு கம்பியையே மாற்ற முடிவெடுத்தது. இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை. அந்தத் திட்டம் பின்னாளில் பாரத்நெட் என்று பெயர் மாறியது. கண்ணாடி இழைக்குச் செம்பின் தூரக் கட்டுப்பாடு கிடையாது, இருபது கிலோமீட்டரும் அதற்குப் பொருட்டல்ல. 2015 ஜனவரியில் மலைகள் சூழ்ந்த இடுக்கி, எல்லா ஊராட்சிகளும் அந்த இழையில் இணைந்த முதல் மாவட்டமானது. தேனிக்காரர்கள் கம்பம்மெட்டு ஏறினால் அந்தப் பக்கம் இருக்கும் மாவட்டம் அது.

இழை ஊராட்சிகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, 2016 செப்டம்பரில் ஜியோ 4ஜி வந்தது. மாதக்கணக்கில் இலவசம், பிறகு நாளுக்கு ஒரு ஜிபி. மாதம் 400 எம்பிக்குப் பயந்து வாழ்ந்த குடும்பங்களின் கைக்கு, கிராமத்திலும், ஒரே நாளில் அதைவிடக் கூடுதலாக வந்து சேர்ந்தது. கிராமத்தில் பலர் டயல்-அப்பையும் ஏடிஎஸ்எல்லையும் பார்க்காமலேயே நேராகக் கைபேசிக்குத் தாவியவர்கள். இதனால் வீட்டு இணைப்புக்கு இனி வேலையில்லை என்று பலர் அன்று எழுதினார்கள். 2020-ல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு, ஒரே கைபேசி என்று ஆனபோது அந்தப் பேச்சு அடங்கியது. சிக்னல் தேடி மரத்தின் மேலும் மொட்டைமாடியிலும் உட்கார்ந்து படித்த பிள்ளைகளின் படங்கள் அந்த ஆண்டு செய்தித்தாள்களில் வந்தன.

இதற்குள் செம்புக் கம்பி தன் ஆயுளை முடித்துக்கொண்டிருந்தது. சாலை அகலப்படுத்தும் ஜேசிபிகள் அறுத்தது பாதி, திருட்டுப் போனது மீதி. அதன் இடத்துக்குக் கண்ணாடி இழையைக் கொண்டுவந்தவர்களில் கணிசமானவர்கள் நம் ஊர்க் கேபிள் டிவிக்காரர்கள். தெருவில் எந்த மின்கம்பத்திலிருந்து எந்த மாடிக்குக் கம்பி இழுக்கலாம், எந்த வீட்டில் மாதம் பிறந்ததும் காசு கிடைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பிஎஸ்என்எல்லும் தனியார் நிறுவனங்களும் அவர்களோடு வருமானத்தைப் பங்குபோட்டுக்கொண்டு இணைப்பு கொடுக்கத் தொடங்கியதும், 2004-ல் மறுக்கப்பட்ட போட்டி வேறொரு வழியாகத் தெருவுக்குள் வந்தது.

தமிழ்நாட்டில் பாரத்நெட் வேலையை மாநில அரசே டான்ஃபிநெட் என்ற நிறுவனத்தின் வழியாகக் கையில் எடுத்தது. 12,525 ஊராட்சிகளுக்கு இழை, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜிபிபிஎஸ் திறன் என்பது திட்டம். இழை ஊராட்சி அலுவலகம் வரை போகும். அங்கிருந்து காலனி வீட்டுக்கும் தோட்டத்து வீட்டுக்கும் யார் இழுப்பார்கள், அறுந்தால் யார் வந்து ஒட்டுவார்கள், ஊராட்சி அலுவலகத்தில் கரண்ட் இல்லாத நேரத்தில் பெட்டி எப்படி ஓடும் என்ற கேள்விகள் மேலூரிலும் தேனியிலும் கேட்கப்பட்டவைதாம். ஒப்பந்தங்கள், தாமதங்கள், மின்கம்பத்தில் தொங்கும் கேபிளா மண்ணுக்குள் புதைக்கும் கேபிளா என்ற விவாதம் ஆகியவற்றோடு அந்த 12,525 ஊராட்சிகளின் கதையை அடுத்த பகுதியில் பார்ப்போம்.